தட்டில் விழுந்த வளையம்: மூலிகைச் சோதனை பற்றி வாசகர் கேள்விகள்

மூலிகைச் சாறுகளை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன். அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் கிருமியைத் தடவி, குழியில் சாற்றை விட்டோ மருந்து ஊறிய சிறு வட்டை வைத்தோ பார்க்கும்போது, அதைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் தெளிந்த வட்டத்தையே கீழே வளையம் என்கிறேன்.

கேள்வி: குப்பைமேனி இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு எதிராகச் சோதித்தோம். எங்கள் சாற்றுக்கு 18 மில்லிமீட்டர் வளையமும், ஒப்பீட்டுக்கு வைத்த ஜென்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் வட்டுக்கு 22 மில்லிமீட்டர் வளையமும் கிடைத்தன. சாறு ஜென்டாமைசினுக்கு ஏறக்குறைய இணையானது என்று திட்ட அறிக்கையில் எழுதலாமா?
— முதுகலை மாணவி, திருச்சி

பதில்: எழுத வேண்டாம். இப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் நம் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், குழியில் எவ்வளவு சாறு விட்டீர்கள் என்று பாருங்கள். உங்கள் கடிதத்தின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சாற்றில் 100 மைக்ரோலிட்டர் விட்டிருக்கிறீர்கள். அதாவது குழிக்குள் போனது 10 மில்லிகிராம். ஜென்டாமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு கூடுதலாக வைத்த பிறகும் வளையம் 4 மில்லிமீட்டர் சிறிதாகவே வந்திருக்கிறது. இதை இணை என்பது, ஒரு வண்டி மணலையும் ஒரு குன்றிமணித் தங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை ஒன்றுதான் என்பதைப் போன்றது. சாறு பல நூறு பொருள்களின் கலவை, மருந்தோ தனிப்பொருள் என்று நீங்கள் மறுமொழி சொல்லலாம். அது நியாயமான மறுமொழிதான். ஆனால் அதே காரணத்தால்தான் அவ்விரண்டின் வளையங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, வளையத்தின் அகலம் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. ஒரு பொருள் அகாருக்குள் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. நீரில் கரையும் சிறிய மூலக்கூறு வேகமாகப் பரவி அகன்ற வளையத்தைத் தரும். எண்ணெய்ப் பசையுள்ள பொருளோ, நல்ல வீரியம் இருந்தாலும், குழியின் விளிம்பிலேயே தேங்கிவிடும். ஆகையால் வளையம் விழவில்லை என்பதற்காக ஒரு சாற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அமிலத்தன்மையினாலேயே வளையம் போடும். கடுக்காய், மாதுளை ஓடு போன்ற துவர்ப்புப் பொருள்களில் உள்ள டேனின்கள் புரதத்தைப் பிடித்துத் திரையச் செய்யும் இயல்புடையவை. தட்டில் அவை காட்டும் பெரிய வளையம் குடலைத் தாண்டிய பிறகும் அப்படியே நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவதாக, வெறும் கரைப்பான் விட்ட குழி உங்கள் தட்டில் இருந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவர் 14 மில்லிமீட்டர் வளையத்தோடு, முகமெல்லாம் மலர, ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அடுத்த நாள் வெறும் மெத்தனால் விட்ட குழியோடு மறுபடியும் போடச் சொன்னேன். இரண்டு குழியைச் சுற்றியும் ஒரே அளவு வளையம். இலை சும்மா இருக்க, மெத்தனாலே எல்லா வேலையையும் செய்திருந்தது. சாற்றை முழுக்க உலர்த்திக் கரைப்பானை ஓட்டிவிட்டு, டி.எம்.எஸ்.ஓ. போன்ற வேறொரு கரைப்பானில் மிகக் குறைந்த அளவில் கரைத்து, அதே அளவு டி.எம்.எஸ்.ஓ.வைத் தனிக் குழியிலும் விட வேண்டும். தட்டில் தடவும் கிருமிக் கலங்கலும் 0.5 மெக்ஃபார்லண்டு அளவுக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி கிருமிகள் என்ற கணக்கில் இருக்க வேண்டும். கலங்கல் நீர்த்துப்போனால் வளையம் தானாகவே பெரிதாகும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டுபிடிப்பது, ஆய்வகங்களில் எம்.ஐ.சி. என்பார்கள். 96 குழிகள் உள்ள தட்டில் முதல் குழிக்கு மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராம், அடுத்ததற்கு 500, பிறகு 250, 125 என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமியை விட்டு ஓர் இரவு வைக்கிறோம். பச்சை இலைச் சாற்றின் நிறத்தில் கலங்கலைக் கண்ணால் பார்ப்பது கடினம் என்பதால், காலையில் ரெசாசுரின் என்னும் நீலச் சாயத்தைச் சில துளி சேர்ப்பது வழக்கம். உயிருள்ள கிருமி அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். வரிசையில் எந்தக் குழிவரை நீலம் நிற்கிறதோ அந்தக் கடைசி நீலக் குழியின் செறிவே எம்.ஐ.சி. ஒரு சாற்றுக்கு அது 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் துறையில் உள்ளவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்; 1000க்கு மேலே போனால் பெரும்பாலும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் வழக்கமான சோதனை வகை ஒன்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்கின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 0.004 முதல் 0.016 மைக்ரோகிராம்தான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சாற்றின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் ஆய்வுரைகளில் இது அரிதான எண் அன்று. மனித உடலில் 5 லிட்டர் இரத்தம். அந்த இரத்தத்தில் மட்டும் இந்தச் செறிவை எட்ட 25 கிராம் உலர்ந்த சாறு வேண்டும். 100 கிராம் இலைப்பொடியிலிருந்து 10 கிராம் சாறு கிடைக்கிறது என்றால், 250 கிராம் பொடியை ஒரே வேளையில் விழுங்கி, அதில் ஒரு துளியும் வீணாகாமல் குடல் உறிஞ்சி, கல்லீரலும் சிறுநீரகமும் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: வீட்டில் கஷாயத்தைத் தண்ணீரில்தான் சுண்டக் காய்ச்சுகிறோம். ஆய்வு செய்பவர்கள் ஏன் மெத்தனால், ஹெக்சேன் என்று குடிக்கவே முடியாத பொருள்களில் ஊறவைக்கிறார்கள்? அந்த முடிவு எங்கள் கஷாயத்துக்குப் பொருந்துமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர், சர்க்கரைப் பொருள்களையும் உப்புகளையும் டேனின்களையும் நன்றாக இழுக்கும். ஹெக்சேன், மெழுகையும் எண்ணெயையும் இழுக்கும். மெத்தனால் இவை இரண்டுக்கும் இடைப்பட்ட பெரிய கூட்டத்தை அள்ளிக்கொண்டு வரும். செடிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று தேடுபவருக்கு இது சரியான வழி. மக்கள் குடிக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று கேட்பவர், மக்கள் குடிக்கும் வடிவத்தையே சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல், மெத்தனால் சாற்றில் கிடைத்த முடிவைக் கஷாயப் பொட்டலத்தின் மேல் அச்சிடுகிற பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

எடுக்கும் முறை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு உங்கள் அடுப்பங்கரையிலேயே சான்று உண்டு. பூண்டுப் பல்லை நசுக்கும்போதுதான் அதில் உள்ள அல்லியின் என்னும் பொருளை ஒரு நொதி அல்லிசினாக மாற்றுகிறது; கிருமியைத் தடுப்பது அந்த அல்லிசின்தான். முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் குழம்பில் போட்டால் நொதி வெந்துபோகும், அல்லிசின் உருவாகாது. சீனாவில் து யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோதும் இதே சிக்கல்தான் வந்தது. சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங்கின் மருத்துவக் குறிப்பில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்ததே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற து யூயூ, 1971இல், குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் ஈத்தரைக் கொண்டு சாறு எடுத்தார். அது நிலையாக வேலை செய்தது. 2015இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியா பாக்டீரியாவால் வருவதன்று, ஒட்டுண்ணியால் வருவது. எனினும் சாறு எடுக்கும் கலைக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சித்த மருந்துகள் பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்துகள். ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்துச் சோதித்துவிட்டு, வீரியம் இல்லை என்று தள்ளுவது முறையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: முறையன்று, ஆய்வகமே இதை ஒப்புக்கொண்ட ஓர் இடமும் உண்டு. நம் மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறப் பொருள், அமெரிக்காவில் வளரும் பெர்பெரிஸ் இனச் செடிகளிலும் இருக்கிறது. தனியே கொடுத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸை அது பெரிதாக அசைப்பதில்லை. உள்ளே நுழைந்த பெர்பெரினைக் கிருமியின் செல்சவ்வில் இருக்கும் நார்-ஏ என்னும் இறைப்பான், கிணற்று நீரை இறைத்து ஊற்றுவதுபோல, வெளியே ஊற்றிவிடுகிறது. அந்த அமெரிக்கச் செடிகளே 5'-மெத்தாக்ஸிஹிட்னோகார்ப்பின் என்னும் இன்னொரு பொருளையும் உண்டாக்குகின்றன என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஸ்டெர்மிட்ஸும் கிம் லூயிஸும் அவர்கள் குழுவினரும் காட்டினார்கள். இந்த இரண்டாவது பொருளுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை; அது இறைப்பானை மட்டும் அடைத்துவிடுகிறது, பெர்பெரின் உள்ளேயே தங்கி வேலையை முடிக்கிறது. தனித்தனியாகச் சோதித்திருந்தால் இரண்டையும் தூக்கி எறிந்திருப்போம்.

ஆனால் இதிலிருந்து எல்லாக் கூட்டு மருந்தும் இப்படித்தான் இயங்குகிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒவ்வொரு கூட்டிலும் எந்தச் சரக்கு எதற்குத் துணை என்பதைச் சதுரங்கக் கட்டம்போல இரண்டு திசையிலும் செறிவை மாற்றி வைத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. அதைச் செய்துதான் காட்ட வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்குச் சர்க்கரை நோய். காலில் புண். குப்பைமேனி அரைத்துக் கட்டலாமா?
— வாசகர், அரூர்

பதில்: வேண்டாம். அரைத்த இலையில் மண்ணும் அதில் வாழும் கிருமிகளும் இருக்கும். சர்க்கரை நோயாளியின் காலில் உணர்வு மங்கியிருப்பதால் புண் உள்ளே பரவுவது அவருக்கே தெரியாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாதென்று தனிக் கடிதமும் எழுதியிருக்கிறேன். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்கிறார்கள். சக்தி கூடியதை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? சீந்தில் கொடி சாப்பிட்டால் கல்லீரல் கெடும் என்றும் ஒரு செய்தி வந்ததே?
— வங்கி ஊழியர், சேலம்

பதில்: 'நோய் எதிர்ப்பு சக்தி' என்ற தொடரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அது தொட்டித் தண்ணீர்போல ஓர் அளவு ஏறி இறங்கும் ஒரே பொருள் என்று அந்தத் தொடர் நம்மை நினைக்க வைக்கிறது. உண்மையில் அது முடுக்கிவிடும் செல்களும் அடக்கிவைக்கும் செல்களும் கலந்த ஏற்பாடு. முடுக்கம் மிஞ்சினால் ஒவ்வாமையும், தன் உடலையே தாக்கும் நோய்களும் வரும். ஆகவே ஒரு மூலிகை அதைக் 'கூட்டுகிறது' என்றால், எந்தப் பகுதியை என்று உடனே கேட்க வேண்டும்.

அளக்கும் முறைகள் பல. எலியின் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களைக் குழியில் வளர்த்து, சாற்றைச் சேர்த்து, அவை எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு வெளியிடுகின்றன என்று பார்ப்பது ஒன்று. எலிக்குச் செம்மறியாட்டின் இரத்தச் சிவப்பணுக்களைச் செலுத்தி, அவற்றுக்கு எதிராக எவ்வளவு எதிர்ப்பொருள் உருவாகிறது என்று பார்ப்பது இன்னொன்று. அதே சிவப்பணுக்களை மறுபடியும் பாதத்தில் செலுத்தி, பாதம் எத்தனை மில்லிமீட்டர் வீங்குகிறது என்று அளப்பதும் உண்டு.

இவற்றில் முதல் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. எந்த இலையின் மேலும் கிராம்-நெகட்டிவ் என்னும் வகைப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்னும் பொருள் சாற்றோடு சேர்ந்து வந்துவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், எண்டோடாக்சின் சாகாது. உலர்வெப்பத்தில் 250 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால்தான் அழியும். மேக்ரோஃபேஜுக்கோ அது அபாய மணி. நானோகிராம் அளவில் பட்டாலே துள்ளி எழும். சாற்றைச் சேர்த்ததும் செல்கள் சுறுசுறுப்பாயின என்று மகிழும் ஆய்வாளர், செடியைச் சோதித்தாரா, செடியின் மேலிருந்த அழுக்கைச் சோதித்தாரா? மேலைநாட்டில் எதிர்ப்பு சக்திக்கென்று பெருமளவில் விற்கும் எக்கினேசியா செடியில், மேக்ரோஃபேஜைத் தூண்டும் ஆற்றலில் பெரும்பகுதி அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் பொருள்களிலிருந்தே வருகிறது என்று பின்னர் கண்டார்கள். எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்சின்-பி மருந்தைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை செய்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எதிர்ப்பு சக்தி பற்றிய எந்த ஆய்வுரை என் கைக்கு வந்தாலும் முதலில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான் தேடுவேன், பெரும்பாலும் இருக்காது.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகியவை சேர்ந்து ஒன்பது சரக்குகள். கபசுரக் குடிநீரில் பதினைந்து. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு, அழற்சியை முடுக்கிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்னும் சைகைப் பாதையைத் தடுப்பதாகவே பல ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதாவது அந்தப் பொருளைப் பொறுத்தவரை 'கூட்டுகிறது' என்பதைவிட 'அடக்குகிறது' என்பதே பொருத்தமான சொல்லாக இருக்கக்கூடும். காய்ச்சலில் அழற்சியை அடக்குவது பயனுள்ளதாக இருக்கலாம். ஆனால் அதற்கு வைக்க வேண்டிய பெயர் வேறு.

சீந்தில் பற்றி நீங்கள் படித்த செய்தி உண்மையானதுதான். கொரோனாக் காலத்தில் அதைத் தொடர்ந்து உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டார்கள். தன் உடலைத் தானே தாக்கும் வகைக் கல்லீரல் அழற்சியின் சாயல் அவர்களிடம் இருந்தது. அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரங்கள் வெளிவந்தன. செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை, சீந்திலையொத்த வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் கடையில் வாங்குகிறவருக்கு எந்தக் கொடி எது என்று தெரியாதபோது, அந்த மறுப்பு அவருடைய கல்லீரலுக்கு ஆறுதலாகாது. முடக்குவாதம், தைராய்டு அழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்த 'எதிர்ப்பு சக்தி'ப் பொடியையும் தொட வேண்டாம்.

கேள்வி: வனாமி இறால் வளர்க்கிறேன். விப்ரியோ கிருமியைத் தடுக்க மூலிகைப் பொடி கலந்த தீவனம் விற்கிறார்கள். ஆன்டிபயாடிக் போடக் கூடாது என்பதால் இதை நம்பலாமா?
— பண்ணை உரிமையாளர், வேதாரண்யம்

பதில்: உங்கள் தொழிலில் மனித மருத்துவத்தில் செய்ய முடியாத ஒரு சோதனை முடியும் என்பது உங்களுக்கு வாய்ப்பு. தீவனத்தைச் சில வாரம் கொடுத்த இறால்களையும் சாதாரணத் தீவனம் தின்ற இறால்களையும் தனித்தனித் தொட்டிகளில் விட்டு, இரண்டிலும் ஒரே அளவு கிருமியைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிவிடலாம். சாதாரணத் தொட்டியில் 20க்கு 18 சாகின்றன, மூலிகைத் தொட்டியில் 20க்கு 9 சாகின்றன என்று வையுங்கள். இறப்பு பாதியாகக் குறைந்திருப்பதால் ஒப்பீட்டு உயிர்பிழைப்பு 50 விழுக்காடு. விற்பனையாளரிடம் இரத்த அணு எண்ணிக்கைப் படங்களைக் கேட்காதீர்கள், இந்த எண்ணைக் கேளுங்கள். எத்தனை தொட்டிகளில், எத்தனை முறை செய்தார்கள் என்றும் கேளுங்கள். இறாலுக்கு நம்மைப்போல எதிர்ப்பொருள் உருவாவதில்லை, பிறவியிலேயே அமைந்த தற்காப்பு மட்டுமே உண்டு. ஆகவே ஒருமுறை கொடுத்தால் அறுவடைவரை நிற்கும் என்று யாரேனும் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று, பெயர் விவரம் அச்சிடாத பொடியை வாங்காதீர்கள். தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக்குகளான குளோராம்ஃபெனிக்காலோ நைட்ரோஃபியூரானோ அதில் கலந்திருந்தால், ஏற்றுமதிச் சோதனையில் சரக்கு திரும்பும்போது கணக்கு உங்கள் பெயரில்தான் எழுதப்படும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கேள்வி: கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு மருந்து என்று சென்னையில்தானே நிறுவினார்கள்? பிறகு ஏன் அது உலக மருந்தாகவில்லை?
— மருந்தாளுநர், மதுரை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. இது பாக்டீரியாவைப் பற்றியதன்று, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்றான ஹெபடைட்டிஸ்-பியைப் பற்றியது. ஆனாலும் இங்கே பேசத் தக்கது. வேர் நீக்கிய கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்தில்லாத வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த ஆய்வுகள் அந்த முடிவைத் திரும்பக் காணவில்லை.

காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதல் ஆய்வு சிறியது. வெற்று மருந்துக் குழுவிலிருந்து பலர் இடையில் விலகியும் இருந்தார்கள். செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய விதம் ஆகியவற்றால் உள்ளிருக்கும் பொருள்கள் மாறும். அதைவிட அடிப்படையான சிக்கல், கீழாநெல்லி என்ற பெயரில் கடைக்கு வரும் மூட்டையில் ஃபில்லாந்தஸ் இனத்தைச் சேர்ந்த வெவ்வேறு செடிகள் கலந்திருப்பது. இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும் செடிகள் பல; காய்ந்து நொறுங்கிய பிறகு அவற்றைக் கண்ணால் பிரிக்க முடியாது.

முதல் கேள்வி கேட்ட திருச்சி மாணவிக்கும் இது பொருந்தும். நீங்கள் சோதித்த குப்பைமேனியில் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைத் தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, பறித்த இடத்தையும் நாளையும் எழுதி, உங்கள் ஊரிலேயே தூய வளனார் கல்லூரியில் இருக்கும் ராபினாட் உலர்தாவரக் கூடத்தில் காட்டி, அவர்கள் தரும் எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் குறியுங்கள். கரைப்பான் குழியோடு தட்டை மறுபடியும் போட்ட பிறகு, முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.